டூலன் துரையின் கேள்வி

நாலு மணி... பின்னேரம் நாலு மணிதான். சிரிக்காதே யதுர்ஷா. தை மாதத்து ஒஸ்லோவில் நாலு மணிக்கு வெளியே எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? பேய்க்குக் கடிகாரம் எதற்கு? இருட்டு இருந்தால் போதும்.

ட்வெய்ட்டா ரயில் நிலையத்தில் இறங்கி, கடைத்தொகுதிக்குப் பின்னால், காட்டை ஒட்டி ஒரு நடைபாதை போகிறதல்லவா... அந்தப் பாதை. விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் நடுவில் நல்ல கும்மிருட்டு. அப்போதுதான் பனி கொட்டி முடிந்திருந்தது. புதுப்பனி விழுந்தால் ஊர்ச் சத்தம் எல்லாம் அமுங்கிப் போகும். தன் சப்பாத்துச் சத்தம் மட்டும் காதில் விழும். சறக்... சறக்... அந்தப் பாதையில் பிலேந்திரன் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தான்.

கை நிற்க வேண்டாம். நாளைக்குக் கோவிலில் பிள்ளைகளின் முதல்நன்மைக்கு இவ்வளவு ரோல்ஸும் சுற்றி முடிய வேண்டும். கை மாவில் இருக்கட்டும், காது இங்கே இருக்கட்டும். துஷாரா, அந்தப் பல்கனித் திரையை இழுத்து விடு பிள்ளை. பயத்துக்கு இல்லை, குளிருக்குத்தான்.

இந்திராவை உங்களுக்குத் தெரியும். மொழிபெயர்ப்பு வேலை செய்கிற இந்திரா. அவளோடு ஒரே வேலை செய்தவன்தான் இந்தப் பிலேந்திரன். ஆஸ்பத்திரி, பொலிஸ், வெளிநாட்டவர் அலுவலகம்... எங்கெல்லாம் நம் சனம் வாய் இருந்தும் மொழி இல்லாமல் நிற்கிறதோ, அங்கெல்லாம் தொலைபேசியில் அவன் குரல் போகும். பெயர் சொல்ல மாட்டார்கள். ஒரு இலக்கம்தான். இந்தப் பக்கத்தில் பேசுகிறவருக்கு முகமும் தெரியாது.

அந்த வேலைக்குக் கட்டளை உண்டு. சொன்னதெல்லாம் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. தெரிந்த ஆளின் விஷயம் என்றால், மன்னியுங்கள், எனக்கு இவர்களைத் தெரியும் என்று விலகிவிட வேண்டும். அதற்கும் மேலே ஒன்று. 'அவள் சொல்கிறாள்' என்று சொல்லக் கூடாது. 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒருத்தி தனக்கு நோகிறது என்றால், பிலேந்திரனும் எனக்கு நோகிறது என்றுதான் சொல்வான். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவளுடைய நாக்கு இவனுடைய வாயில் இருக்கிறது. இதைவிடப் பெரிய நம்பிக்கை உலகத்தில் வேறு இருக்கிறதா, சொல்லுங்கள்.

இமெல்டா என்று ஒரு பிள்ளை. மன்னார்ப் பக்கம். இங்கே சயூரன் என்பவனைக் கட்டிக்கொண்டு வந்தவள். சயூரனின் தகப்பன் ஜெயரத்தினம், கோவில் சபை, சங்கம் என்று எல்லாவற்றிலும் முன்வரிசை. தெரிந்த ஆள் யாரையாவது நினைத்துக்கொண்டு வம்பில் மாட்டாதீர்கள், இவர் வேறு ஆள். பிலேந்திரன் இந்த நாட்டுக்கு வந்து வடக்கே ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் குளிர் தாங்காமல் ஒஸ்லோவுக்கு ஓடி வந்தபோது, ஜெயரத்தினம்தான் படுக்க இடம் கொடுத்துச் சோறும் போட்டவர். ஒரு மாரி முழுக்க.

இமெல்டாவின் கலியாணம் நன்றாக இல்லை. அந்த வீட்டுக்குள் நடந்தது அந்த வீட்டுச் சுவருக்குத் தெரியும். ஒருநாள் அவள் ஓடி, பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்கிற இடத்தில் போய்ச் சேர்ந்தாள். இங்கத்தைச் சட்டம் என்னவென்றால், கட்டிக்கொண்டு வந்தவள் கொஞ்சக் காலத்துக்குள் புருசனை விட்டுப் பிரிந்தால் விசா போய்விடும். அவன் கொடுமைப்படுத்தினான் என்று எடுத்துச் சொன்னால் மட்டும் இருக்கலாம். அப்போது ஊரில் சமாதான காலம் வேறு. திருப்பி அனுப்ப யாரும் யோசிக்க மாட்டார்கள். ஊருக்குப் போனால் புருசனை விட்டு வந்தவள் என்று தகப்பனே படலையைத் திறக்க மாட்டார். ஆகவே அவளுக்கு இருந்தது ஒரே ஒரு விசாரணை, ஒரே ஒரு வாய்.

அந்த வாய் பிலேந்திரன்.

அதற்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் ஜெயரத்தினம் அவனைத் தோளில் பிடித்து ஒதுக்கிக்கொண்டு போனார். "தம்பி, எங்கடை வீட்டிலை ஒரு சின்னப் பிரச்சினை. ஆரின்ரை குரல் அந்த விசாரணைக்குப் போகுமோ தெரியாது. உம்மடை குரல் போனால்... பாத்துக் கதையும்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. பிலேந்திரன், "ஓம் அண்ணை" என்றான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்தோம். அதை அடுத்தவள் கழுத்தில் கத்தி வைப்பதற்காகப் படிக்கவில்லை. ஆனால் பாருங்கள், ஆயிரம் மொழிபெயர்ப்பாளர் இருக்கிற இடத்தில் விதி அவனுடைய தொலைபேசியைத்தான் அடிக்க வைத்தது. சயூரன் என்ற பெயர் காதில் விழுந்தவுடன் அவன் விலகியிருக்க வேண்டும். விலகவில்லை.

அந்தப் பிள்ளை வெட்கப்பட்டு வெட்கப்பட்டுச் சொன்னாள். சண்டை. ஏச்சு. கதவைச் சாத்துவது. எல்லாவற்றையும் பிலேந்திரன் நோர்வேஜியத்தில் சொன்னான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "என்னைப் பல்கனியிலை விட்டுக் கதவைப் பூட்டினவர் அண்ணை. காலிலை செருப்பும் இல்லை. விடியும் வரைக்கும்" என்றாள். வழக்கே அந்த ஒரு வசனம்தான். அதில்தான் அவளுடைய உயிர் இருந்தது.

பிலேந்திரன் அதைச் சொல்லவில்லை.

அதிகாரி எழுதி முடித்தார். பிறகு, "வார் தெ அல்த்?" என்றார். இவ்வளவும்தானா என்று அர்த்தம். இவ்வளவும்தான் என்றான் பிலேந்திரன்.

தொலைபேசியை வைக்க முதல் அவள், "அண்ணை, எல்லாம் சொன்னனீங்கள்தானே?" என்று கேட்டாள். பிலேந்திரன் வாய் திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் தன் பாட்டில் கதைக்கக் கூடாது என்று ஒரு கட்டளை இருக்கிறது. அன்றைக்கு அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகப் பிடித்தான், பாவி.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் முடிவு வந்தது. கொடுமை என்று சொல்லத்தக்க எதையும் இவர் கூறவில்லை, தை மாதத்துக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். அடைக்கல வீட்டில் அந்தப் பிள்ளை, "நான் சொன்னனான், நான் சொன்னனான்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாளாம். யாருக்கு விளங்கும்? அதையும் யாராவது மொழிபெயர்க்க வேண்டுமே.

இப்போது டூலன் துரையிடம் போவோம். அவரை விட்டுவிட்டு இந்தக் கதை இல்லை.

பிலேந்திரனின் ஊர், யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில் இருக்கிற ஊர்காவற்றுறை. அந்தத் தீவில் பொய் சொல்கிற பிள்ளைகளைப் பேய் வரும், பூதம் வரும் என்று வெருட்டுவதில்லை. "டூலன் துரை வந்து கேப்பார்" என்றுதான் வெருட்டுவார்கள். பிள்ளைகள் போர்வைக்குள் போய்விடுவார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது வெறும் வெருட்டு. பிலேந்திரனுக்கு அது சொந்த வீட்டுக் கதை.

டூலன் துரை வெள்ளைக்காரர், ஆனால் ஆங்கிலேயர் இல்லை. அயர்லாந்துக்காரர். உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினி கிடந்து செத்த நாட்டில், மிஞ்சிய குடும்பத்தில் பிறந்தவர். வயிற்றுக்காக அங்கேயே பொலிசில் சேர்ந்தார். ஆங்கிலேயனின் உடுப்பைப் போட்டதற்காகச் சொந்த ஊர்ச் சனமே அவரைக் கண்டால் கதவைச் சாத்தியது. சரி, கடல் தாண்டினால் மரியாதை வரும் என்று இலங்கைப் பொலிசுக்கு வந்தார். கொழும்புத் தெருவில் சார்ஜன்ட். பிறகு மலைநாடு. பிறகு, ஒருவரும் போக விரும்பாத தீவுப் பக்கத்துக்கு இன்ஸ்பெக்டர். இங்கே வந்தால் ஆங்கிலேய அதிகாரிகள் அவரைத் தங்கள் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிடவில்லை. கத்தோலிக்கன், ஐரிஷ்காரன், கிழங்கு தின்னி. அங்கே துரோகி, இங்கே தீண்டாதவன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கடைசி வரிசையில், மீன்பிடிக்கிற ஆட்களோடு முழந்தாளில் இருப்பாராம்.

தமிழ் அவருக்கு வரவே இல்லை. ஆசைப்பட்டுப் படித்தும் வரவில்லை. அவருடைய தமிழ் நாக்கு துபாசி சந்தியாப்பிள்ளை. பிலேந்திரனின் அப்பப்பாவுக்கு அப்பா. விசாரணை என்றால் துரை கேட்பார், துபாசி தமிழில் கேட்பார், ஆள் பதில் சொல்லும், துபாசி ஆங்கிலத்தில் சொல்லுவார். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் துரை, தான் பிடித்துவைத்திருந்த ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கேட்பார். "அவ்வளவுதானா?" கொன்னைத் தமிழில், மெதுவாக. பொய்க்காரர் அந்த ஒரு கேள்விக்கே உளறிவிடுவார்களாம்.

இருவரும் அண்ணன் தம்பியாகப் பழகினார்கள். சந்தியாப்பிள்ளைக்கு மூத்த மகன் பிறந்தபோது ஞானஸ்நானத்துக்குத் துரைதான் ஞானத்தகப்பன். அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்று அழுதாராம். தனக்கென்று இந்த உலகத்தில் ஒரு வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார், பாவம்.

அந்தத் தீவில் உடையார் ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரன் வைத்த ஊர்ப் பெரியவர். அவருடைய தோணியில் கள்ளச் சரக்கு வருவதைத் துரை பிடித்தார். தோணி ஓட்டி சவரி எல்லாவற்றையும் சொல்லுகிறேன் என்று சம்மதித்தான். மறுநாள் காலையில் சவரி பொலிஸ் கூட்டுக்குள் அடித்த காயத்தோடு செத்துக் கிடந்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலேய நீதவான் வந்தார். சவரியின் பெண்சாதியைச் சாட்சிக் கூட்டில் ஏற்றினார்கள். அவள் சொன்னாள், "என்ரை மனுசன் நடந்து போனவர் ஐயா, தூக்கிக்கொண்டு வந்து தந்தவை. உடையார் வீட்டு ஆக்கள்தான் இரவு வந்து அடிச்சவை. துரை அண்டைக்குத் தீவிலை இல்லை. போக முந்தி என்ரை மனுசனுக்குத் தன்ரை கையாலை தண்ணி குடுத்தவர்."

துபாசி முதல் வசனத்தை ஆங்கிலத்தில் சொன்னார். அத்தோடு நிறுத்தினார்.

மண்டபத்தில் பங்கா ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து விசிறி, மேலே பெரிய சீலை, வெளியே இருந்து ஒருவன் கயிற்றை இழுப்பான். கிறீச்... கிறீச்... அந்தச் சத்தம் மட்டும்தான். துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'துரை' என்ற சொல் தெரியும், 'தண்ணி' என்ற சொல் தெரியும். அவள் சொன்னது நீளம், வந்தது கட்டை என்பதும் தெரியும். சந்தியாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார்.

சந்தியாப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அவ்வளவுதான், துரை" என்றார்.

முடிந்தது. காவலில் இருந்தவனைக் கொன்றவர் என்று பெயர் வைத்து, உடுப்பைக் கழற்றினார்கள். சப்பாத்தையும் கழற்றினார்கள், அது அரசாங்கச் சொத்தாம். சந்தியாப்பிள்ளைக்கு உடையாரிடமிருந்து ஒரு பனங்காணி வந்தது. டூலன் துரை ஊருக்கும் போகவில்லை. எந்த ஊருக்குப் போவது? இறங்குதுறையில் வெறுங்காலோடு இருந்துகொண்டு, வருகிற போகிறவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாரியில், கடலைப் பார்த்து இருந்தபடியே செத்துப்போனார். அவர் ஏந்திய பிள்ளை பிறகு வளர்ந்து, அந்தப் பனங்காணியில் வீடு கட்டி... அந்த வீட்டில்தான் பிலேந்திரன் பிறந்தான்.

சரி. இனிப் பாதைக்கு வாருங்கள். யதுர்ஷா, தள்ளி இருந்தவள் இப்போது ஏன் என் மடிக்குள் வருகிறாய்?

நாலு மணி. புதுப்பனி. பிலேந்திரனின் கைத்தொலைபேசி அடித்தது. இலக்கம் தெரியவில்லை. வேலைக்குக் கூப்பிடுகிறவர்களின் இலக்கம் எப்போதும் தெரிவதில்லை, அதனால் எடுத்துவிட்டான். ஒரு ஆண் குரல். ஆங்கிலம். உருட்டி உருட்டிப் பேசுகிற ஆங்கிலம். மொழிபெயர்ப்பாளரா என்று கேட்டது. ஆம் என்றான்.

பின்னால் ஒரு சத்தம்... கிறீச்... கிறீச்... கயிறு இழுபடுகிற சத்தம். கூடவே யாரோ பேனைக் கூரால் எழுதுகிற சத்தம். நடக்கிற பாதையில் திடீரென்று ஒரு மணம் வந்தது. பனிக்கு மணம் கிடையாது, உங்களுக்குத் தெரியும். இது பாசியும் கருவாடும் மண்ணெண்ணெயும் கலந்த மணம். இறங்குதுறை மணம். பிலேந்திரன் நின்றான்.

ஒரு பெண் குரல் தமிழில் தொடங்கியது. "என்ரை மனுசன் நடந்து போனவர் ஐயா..."

பழக்கதோஷம். மூளை விறைத்துப் போனாலும் வாய் தன் வேலையைச் செய்தது. 'என் கணவர் நடந்து போனார்' என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவள் சொல்லச் சொல்லச் சொன்னான். உடையார் வீட்டு ஆட்கள் என்றாள், சொன்னான். துரை அன்று தீவில் இல்லை என்றாள், சொன்னான். தண்ணீர் கொடுத்தார் என்றாள். அதையும் சொன்னான். ஒரு சொல் விடவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு... தலையிலிருந்து சுமையை இறக்கி வைக்கிறவர் விடுகிற மூச்சு. கயிற்றுச் சத்தம் நின்றது.

அவ்வளவில் தொலைபேசியை வைத்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அந்தப் பெண் இன்னும் முடிக்கவில்லை. குரல் மாறியது. இளம் குரல், மன்னார்ப் பக்கத்துப் பேச்சு. "என்னைப் பல்கனியிலை விட்டுக் கதவைப் பூட்டினவர் அண்ணை. காலிலை செருப்பும் இல்லை. விடியும் வரைக்கும்."

இப்போது சொல்ல வேண்டும். ஒரே ஒரு வசனம். காட்டுப் பாதை, ஒருவரும் இல்லை, யார் கேட்கப் போகிறார்கள்? பிலேந்திரன் வாயைத் திறந்தான். ஜெயரத்தினம் போட்ட சோறு ஞாபகம் வந்தது. ஞாயிறு கோப்பி ஞாபகம் வந்தது. சொன்னால், அன்றைக்கு அதைச் சொல்லாமல் விட்டவன் நான்தான் என்று ஆகிவிடுமே என்ற பயம் வந்தது. வாய் திறந்தபடியே இருந்தது.

அந்தப் பக்கத்தில் மெதுவாக, கொன்னைத் தமிழில்... "அவ்வளவுதானா?"

பிலேந்திரன், "அவ்வளவுதான்" என்றான்.

தொடர்பு அறுந்தது. தொலைபேசியைப் பார்த்தான். குளிருக்குப் பற்றரி செத்து, கறுத்துக் கிடந்தது. எப்போது செத்தது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தான். பனியில் அவனுடைய சப்பாத்துத் தடம் நிலையத்திலிருந்து வந்திருந்தது. அதன் பக்கத்தில், தோளோடு தோள் நடந்த மாதிரி, இன்னொரு தடம். பெரிய பாதம். விரல் ஐந்தும் பதிந்திருந்தன.

அன்றிரவு அவன் உறங்கவில்லை. விடிந்ததும் இமெல்டாவின் வழக்கறிஞரிடம் ஓடினான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆனாலும் ஓடினானே, அதையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல பெண் அந்த வழக்கறிஞர், கதிரையைக் காட்டினாள். நான்தான் மொழிபெயர்த்தேன் என்றான். பெயரைச் சொன்னான், விலாசத்தைச் சொன்னான். பிறகு அந்த வசனத்தைச் சொன்னான். அவள் பேனையோடு காத்திருந்தாள். மறுபடியும் சொன்னான். "என்ன சொல்ல வந்தீர்கள்?" என்று கேட்டாள். கத்திச் சொன்னான். அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சுகமில்லையா, வாய் மட்டும் அசைகிறதே என்றாள். பேனையைப் பறித்து எழுதிக் கொடுத்தான். வாசித்துவிட்டு, இதில் உங்கள் பெயரும் விலாசமும்தானே இருக்கிறது என்றாள்.

வீட்டுக்கு வந்து மனைவி ஜெயகுமாரியிடம் சொன்னான். அவள், "இஞ்சேருங்கோ, ஏன் இப்பிடி மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுறியள்?" என்று அழத் தொடங்கினாள். இந்திராவிடமும் போனான். காட்டுப் பாதை, கயிற்றுச் சத்தம், பாதத் தடம், எல்லாம் சொன்னான். அவளுக்கு எல்லாம் கேட்டது. பல்கனிக் கதை மட்டும் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் விழுங்கிய சொல், பிறகு வெளியே வர மறுத்துவிட்டது.

ஒரே ஒரு ஆளுக்குக் கேட்டது. ஜெயரத்தினத்துக்கு. முன்பே தெரிந்த ஆள் அல்லவா. தொலைபேசியில் பிலேந்திரன், "அண்ணை, நீங்கள் வந்து சொல்லுங்கோ, நான் சொன்னால் ஒருத்தருக்கும் கேக்குதில்லை. அந்தப் பிள்ளை போகப்போகுது" என்று கெஞ்சினான். ஜெயரத்தினம் சொன்னார், "நான் உம்மட்டை ஒண்டும் செய்யச் சொல்லேல்லையே தம்பி. பாத்துக் கதையும் எண்டுதானே சொன்னனான். நீர் செய்ததுக்கு நானோ பொறுப்பு?" வைத்துவிட்டார்.

சோறு போட்ட கைதான். அந்தக் கையே அவனைத் தள்ளி விட்டது. பிலேந்திரன் நிலத்தில் குந்தி அழுதானாம். இமெல்டா அடைக்கல வீட்டில் எப்படி அழுதிருப்பாள் என்று அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது.

இமெல்டாவை அனுப்புகிற நாள் வந்தது. நல்ல குளிர், பகலிலேயே மூக்கு மயிர் விறைக்கிற குளிர். பின்னேரம்தான் விமானம். ஜெயகுமாரி வேலைக்குப் போய்விட்டாள். பத்தாம் மாடியில் பிலேந்திரன் தனியே. சிகரெட் பற்றவைக்கப் பல்கனிக்குப் போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

அவசர இலக்கத்துக்கு அவனிடமிருந்து ஓர் அழைப்புப் போயிருந்தது. பெயரும் விலாசமும் சொன்னதால் வண்டி உடனே வந்தது. மேலே ஏறிக் கதவைத் தட்டினார்கள். வீடு இருட்டாக, சத்தம் இல்லாமல் இருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள், சாவிக்கு ஆள் தேடினார்கள். பல்கனி என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஜெயகுமாரி சாவியோடு ஓடிவந்து திறந்தபோது அவன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி விறைத்திருந்தான். வெறுங்கால். அவனுடைய செருப்பு உள்ளே, கதவடியில், சோடியாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. கதவின் கைபிடி பூட்டுகிற பக்கம் திருப்பியிருந்தது. அந்தக் கைபிடி உள்பக்கத்தில் மட்டும்தான் உண்டு.

என்ன துஷாரா? ஒருவருக்கும் கேட்காத வசனம் நமக்கு எப்படித் தெரியும் என்றா? நல்ல கேள்வி. இமெல்டா கொழும்பில் இறங்கி, பல மாதம் கழித்து, இந்திராவின் இலக்கத்தை எப்படியோ தேடி எடுத்துப் பேசினாள். "அக்கா, நான் சொன்னனான். பல்கனிக் கதை அந்த அண்ணைக்குச் சொன்னனான். ஏன் அவர் என்னை அப்பிடிச் செய்தவர்?" என்று கேட்டாள். தகப்பன் படலையைத் திறக்கவில்லை. எங்கேயோ ஒரு தையல் தொழிற்சாலை விடுதியில் இருந்து பேசினாள்.

அந்தக் கேள்விக்கு இந்திரா முன்பே ஒரு பதிலைக் காதால் கேட்டிருந்தாள், அதை அவளிடம் எப்படிச் சொல்வது? பிலேந்திரன் செத்த கிழமைக்குள்ளேயே பொலிஸ் இந்திராவைக் கூப்பிட்டிருந்தது. அவசர இலக்கத்துக்கு வந்த பேச்சைப் பதிந்து வைத்திருந்தார்கள். முடிவில் வேறு பாஷையில் ஏதோ வருகிறது, அது தமிழா, மொழிபெயர்த்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். இந்திரா காதுக்கருவியைக் காதில் பூட்டிக்கொண்டு கேட்டாள்.

முதலில் பிலேந்திரன். நடுங்குகிற நோர்வேஜியத்தில் பெயர். விலாசம். அவசர இலக்கத்தில் இருந்த பெண், என்ன நடந்தது என்று கேட்கிறாள். பதில் இல்லை. மூச்சு மட்டும். மறுபடியும் கேட்கிறாள். மூச்சு. அந்த மூச்சுக்குப் பின்னால், மெல்லிதாக... கிறீச்... கிறீச்...

அந்தப் பெண் கடைசியாக, "வார் தெ அல்த்?" என்று கேட்கிறாள்.

அப்போது ஒரு குரல் பதில் சொல்கிறது. பிலேந்திரனின் குரல் இல்லை. நல்ல வயதான குரல். நோகாமல், பணிவாக, நீதிமன்றத்தில் நின்று பழகிய குரல். தீவுப் பக்கத்துத் தமிழ். அவனுக்குப் பக்கத்தில் நின்றது யார் என்று பொலிஸ்காரர் கேட்டார். தெரியாது என்றாள் இந்திரா. சரி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். இந்திரா தன் வேலையைச் செய்தாள். கூட்டாமல், குறைக்காமல் சொன்னாள்.

"அவ்வளவுதான், துரை."